அஞ்சலை அழுத மத்தியானம்

போன மாதம் வேங்கிக்காலில் ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னை அழைத்திருந்தார்கள். குழந்தைகள் இல்லங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் இருபது பேர் இருப்பார்கள். ஆளுக்கொரு கையேடு வைத்திருந்தார்கள். குழந்தையின் மனநிலையைக் குறிக்க அதில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. டிக் அடித்தால் போதும். எனக்கு எண்பது வயது நெருங்குகிறது. மைக்கைப் பிடித்து ஏதோ பேசி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"மேடம், குழந்தைங்க நம்மகிட்ட ரொம்ப ஒட்டிக்கிச்சின்னா அப்பறம் பிரியறது கஷ்டம், கொஞ்சம் தள்ளியே இருந்துக்கன்னு எங்க சீனியர் சொல்றாங்க. அது சரிங்களா?"

"சரியில்லம்மா" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிற பதிலா அது? அந்தப் பெண்ணுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் பச்சையம்மாள். ஊர் அடி அண்ணாமலை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். கல்யாணமான மூன்றாம் வருஷம் கணவர் லாரி விபத்தில் போய்விட்டார். குழந்தை இல்லை. எழுபதுகளின் நடுவில், என் இருபத்தொன்பதாவது வயதில், செங்கம் சாலையில் ஒரு அறக்கட்டளை நடத்திவந்த சின்ன இல்லத்தில் வேலை கிடைத்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பதினெட்டுப் பேர். பார்த்துக்கொள்ள நாங்கள் ஐந்து பெண்கள், ஒரு சமையல்காரம்மா. ஓட்டுக் கட்டடம். முற்றத்தில் நின்றால் மலை முழுசாகத் தெரியும்.

தம்பி தங்கை நான்கு பேரை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். குளிப்பாட்டவும் சோறூட்டவும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அந்த நினைப்பைக் கலைத்தவர் மேட்ரன் ஜைனப்.

அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஊரில் பல தலைமுறையாகப் பாத்திரக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். நர்ஸ் படிப்பு முடித்து, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லி உடம்பு, வெள்ளைச் சேலை, காதுக்குப் பின்னால் செருகிய முக்காடு. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார்; என்ன சொல்கிறார் என்று கேட்க நாம்தான் கிட்டே போக வேண்டும். குழந்தையிடம் பேசுவதென்றால் எந்த இடமானாலும் தரையில் குந்திவிடுவார். ஒருமுறை அறக்கட்டளைத் தலைவர் வந்து நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை அவர் சேலையைப் பிடித்து இழுத்தது. அப்படியே குந்தி, அது சொன்னதை முழுக்கக் கேட்டு முடித்த பிறகுதான் எழுந்தார். தலைவர் அதுவரை நின்றுகொண்டிருந்தார்.

நான் அவரை மேட்ரம்மா என்பேன். அவர் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவர் வைத்திருந்த முறைகள் முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தன. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒருத்திதான் பொறுப்பு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவளே. அந்தக் குழந்தை அவளுடைய 'கைப்பிள்ளை'. எங்களைப் பிள்ளைகள் அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா என்று பழக்கக் கூடாது. "அந்த எடம் ஒருத்தருது. ஆளு வந்தாலும் வரலன்னாலும் நாம அதுல உக்காரக் கூடாதுக்கா" என்பார்.

வந்த முதல் நாள் எந்தக் குழந்தையையும் குளிப்பாட்டக் கூடாது. எவ்வளவு அழுக்கானாலும் முகம், கை, கால் மட்டும் ஈரத் துணியால் துடைக்கலாம். நான் மூக்கைச் சுளித்தபோது சொன்னார்: "அது மேல இருக்கறது அழுக்கு மட்டும் இல்ல. அதோட வீட்டு வாசனையும்தான். ஒரே நாள்ல எல்லாத்தையும் கழுவிட்டா அதுக்கு இன்னா மிச்சம்?"

லீவில் போகும்போது கைப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அது பார்க்காதபோது நழுவக் கூடாது. "எட்டு மாசக் குழந்தைக்கு லீவு லெட்டர் குடுக்கணுமாம்" என்று சமையல்காரம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அழுகிற குழந்தையிடம் 'அழாதே' என்று சொல்லக் கூடாது. இதுதான் எங்களுக்கு வாயில் வராத பாடம். நூறு முறை நாக்கு நுனியில் வந்து நிற்கும். முற்றத்துத் தூணில் ஒரு நீள நோட்டு தொங்கும். எந்தக் குழந்தை அழுதது, அதனிடம் யார் போனது என்று இரண்டு பத்தியாக அதில் எழுத வேண்டும். எத்தனை முறை அழுதது என்று அவர் கேட்டதே இல்லை. சாயங்காலம் நோட்டைப் படிக்கும்போது இரண்டாவது பத்தியை மட்டும்தான் விரல் வைத்துப் பார்ப்பார். 'யாரும் போகவில்லை' என்று ஒரு வரி இருந்தால் அன்றைக்கு அவர் குரல் இன்னும் இறங்கிவிடும்.

இரண்டு வருஷத்தில் என் கண் மாறியது. அதற்கு முன் நான் பார்த்தும் பார்க்காத விஷயங்கள் தெரியத் தொடங்கின. ஒன்றரை வயசுப் பையன் ஒருவன் இருந்தான், சேகர். யாராவது அழுதால் போதும், தத்தித் தத்திப் போய் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துத் தன் அத்தையிடம் இழுத்துக்கொண்டு வருவான். அழுகிற குழந்தையின் அத்தை பக்கத்திலேயே இருப்பாள். அவளிடம் விட மாட்டான். அவனுக்குத் தெரிந்த மருந்து அவனுடைய அத்தைதான். அதையே எடுத்துக் கொடுப்பான். பேச்சு வராத வயசில் இன்னொருவர் வலி எப்படித் தெரிகிறது, அதற்குத் தன்னிடம் உள்ளதில் மிக உயர்ந்ததைக் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? கையில் ஊட்டும் கிண்ணத்தோடு அப்படியே நின்று பார்த்திருக்கிறேன்.

அந்தக் கார்த்திகையில்தான் பாப்பா வந்தாள். தீபம் முடிந்த மறுநாள் காலை, கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தனியாக நின்றவளை ஒரு போலீஸ்காரர் தூக்கி வந்தார். மூன்று வயது இருக்கும். பெயர் கேட்டால் சொல்லவில்லை. போலீஸ்காரர் ஏதாவது ஒரு பெயர் எழுதிக்கொள்ளச் சொன்னார். மேட்ரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவளுக்குப் பேரு இருக்குதுங்க. நமக்குத் தெரியல, அவ்ளோதான்." பாப்பா என்று மட்டும் கூப்பிட்டோம். என் கைப்பிள்ளையாகக் கொடுத்தார்.

அவள் அழவேயில்லை. முதல் நாள், முதல் வாரம், முதல் மாதம். கல் தடுக்கி விழுந்து முட்டியில் ரத்தம் வந்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போனாள். "தங்கமான கொழந்த, தொந்தரவே இல்ல" என்று மற்றவர்கள் சொன்னார்கள். மேட்ரம்மா மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இங்க இருக்கற பதினெட்டுல ரொம்பக் கஷ்டத்துல இருக்கறது இவதான்க்கா."

அது எனக்குப் புரியவில்லை. புரிந்தது வேறு ஒன்று. மற்றக் குழந்தை அழுதால் எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கும். சிலது முகம் சுருங்கும். சிலது கிட்டே போகும். இவளும் கிட்டே போவாள். போய் அடிப்பாள். அழுகிற குழந்தையைத்தான் அடிப்பாள், சிரிக்கிற குழந்தையை ஒன்றும் செய்ய மாட்டாள். அழுகை பெரிதானால் அடியும் பெரிதாகும். இது என்ன ஜென்மம், நெஞ்சில் ஈரமே இல்லையே என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் காலை விஜயா அழுதாள். பதினாலு நாள் சிசுவாக வந்தபோதிலிருந்து என் கையில் வளர்ந்தவள், அப்போது பத்து மாதம். பால் சூடாக இருந்தது, ஆற்றிக்கொண்டிருந்தேன். பாப்பா போய் அலுமினிய டம்ளரால் விஜயாவின் நெற்றியில் அடித்துவிட்டாள். ரத்தம் வந்தது. நான் எழுந்து போய் பாப்பாவின் கன்னத்தில் அறைந்தேன்.

அதற்கு அவள் செய்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அழவில்லை. ஓடவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த அடிக்காக நின்றாள்.

மேட்ரம்மா விஜயாவின் நெற்றிக்குக் கட்டுப் போட்டுவிட்டு என்னை மளிகை அறைக்குக் கூட்டிப் போனார். அரிசி மூட்டையில் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். திட்டுவார், வேலை போய்விடும் என்று காத்திருந்தேன்.

"மொதல்ல எங்க சூடு ஏறுச்சுக்கா? கையிலயா, நெஞ்சுலயா?"

விளங்காமல் பார்த்தேன். அவர் மறுபடி கேட்டார். யோசித்துப் பார்த்தபோது தெரிந்தது. "காதுல. விஜயா வீல்னு கத்துனதும் ரெண்டு காதும் கொதிச்சுது."

"அப்ப இனிமே காது கொதிச்சா உங்களுக்குத் தெரியும், அடுத்தது கை வரப்போகுதுன்னு. அந்த எடத்துல நின்னு ஒரு மூச்சு விடுங்க." பிறகு சொன்னார்: "பாப்பாவுக்கும் அப்படித்தான் எங்கயோ ஏறுது. அழுகைச் சத்தம் கேட்டா அவளுக்குப் பயம். அந்தச் சத்தத்த நிறுத்தணும், அவ்ளோதான் தெரியும். அவ அழுதப்ப அவளுக்குக் கெடச்சது அடிதானே. முப்பது வயசு தாண்டியும் உங்களுக்கே இப்பதான் நிறுத்தறது எப்படின்னு தெரியுது. அவளுக்கு மூணு வயசு."

"நோட்டுல எழுதுவீங்களா மேட்ரம்மா?"

"எழுதுவேன். நீங்க போயி அவகிட்ட சொல்லுங்க. அத்தை அடிச்சது தப்புன்னு."

மூன்று வயதுப் பிள்ளையிடம் மன்னிப்பு கேட்பது அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத விஷயம். எங்கள் வீட்டில் என் அப்பா யாரிடமும் கேட்டதில்லை. போய்க் குந்தி உட்கார்ந்து சொன்னேன். "பாப்பா, அத்தைக்குக் கோவம் வந்துடுச்சு. அடிச்சது தப்பு." அவள் என் வாயையே பார்த்தாள்.

மறுநாளிலிருந்து எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பாப்பாவோடு உட்கார வேண்டும். கை நீட்டினால் தொடுகிற தூரம், அதற்கு மேல் கிட்டே போகக் கூடாது. பேசச் சொல்லவோ விளையாடச் சொல்லவோ கூடாது. அவள் செய்வதைப் பார்த்து வாயால் சொன்னால் போதும். 'பாப்பா கல்லு அடுக்கறா.' 'சரிஞ்சுடுச்சு, பாப்பாவுக்குக் கடுப்பா இருக்குது.' இவ்வளவுதான். முதல் பத்து நாள் பைத்தியக்காரி மாதிரி தோன்றியது. ஒரு மாதத்தில், நான் உட்காருவதற்கு முன்பே அவள் வந்து உட்கார்ந்திருந்தாள். அதற்கும் சில நாள் கழித்து, ஓடும்போது விழுந்தவள், எழுந்து மண்ணைத் தட்டுவதற்கு முன் ஒரு கணம் என்னைத் தேடிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் மேட்ரம்மாவிடம் ஓடிப்போய் வாயாலேயே சொன்னேன். அவர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு, "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார்.

மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம். வெளிவேலி ஓரம் விளையாடிக்கொண்டிருந்தவள் காலில் வேலிக்காத்தான் முள் ஏறிவிட்டது. நான் முற்றத்தின் மறுகோடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வழியில் இரண்டு அத்தைகள் இருந்தார்கள். அவர்களைத் தாண்டி, நொண்டி நொண்டி முற்றம் முழுக்கக் கடந்து என்னிடம் வந்தாள். பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். உதடு கோணியது. அழுதாள்.

முள்ளை எடுத்துவிட்டேன். அழுகை நிற்கவில்லை. முதலில் குழந்தை அழுகையாக இருந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து வேறு ஒரு குரல் வந்தது. என் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு, தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். சமையல்காரம்மா கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம். மேட்ரம்மா கையைக் காட்டி மணியை அடிக்க வேண்டாம் என்றார். பிள்ளைகள் எல்லாம் சுற்றி வந்து நின்றன. ஒன்றுகூடச் சிணுங்கவில்லை. சேகர் வந்து என் இன்னொரு தோளில் கை வைத்துக்கொண்டான். சோறு ஆறிப்போனது. அரை மணி, முக்கால் மணி ஆகியிருக்கும். மெல்ல மெல்ல அழுகை விக்கலானது. என் தோள் முழுக்க நனைந்திருந்தது.

முகத்தைத் தூக்கி, "அஞ்சல" என்றாள்.

"யாருடா கண்ணு அஞ்சல?"

தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள்.

நான்கு மாதம் யார் யாரோ கேட்டும் வராத பெயர், அழுது முடித்ததும் தானாக வந்தது. மேட்ரம்மா குந்தி உட்கார்ந்து, "அஞ்சலையா? வாங்க அஞ்சலை, சாப்புடலாம்" என்றார். பிறகு மணியை அவரே அடித்தார். எத்தனையோ தீபம் பார்த்த ஊர்க்காரி நான். மலை உச்சியில் சுடர் ஏறும்போது உடம்பு ஒரு மாதிரி சிலிர்க்கும். அந்த மத்தியானமும் எனக்கு அப்படித்தான் சிலிர்த்தது.

அதன் பிறகு எல்லாம் நேராகப் போகவில்லை. என் அம்மாவுக்கு டைபாய்டு வந்து பத்து நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அஞ்சலையிடம் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, தினம் ஒன்றை எடுத்து வெளியே போடு, தீர்ந்ததும் அத்தை வந்துடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். தீர்ந்த அன்றைக்கே வந்தும் நின்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிட்டே போனபோது ஓங்கி என் தொடையில் ஒரு குத்து குத்தினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேட்ரம்மாவுக்கோ சந்தோஷம். "யாரோ ஒருத்தர் போனா அவளுக்கு இன்னா? நம்ம ஆளு போனாத்தான் கோவம் வரும். இன்னிக்கு ஜாஸ்தி பேச்சு வேணாம். பக்கத்துல இருங்க." இரண்டு நாளில் சரியானாள். மற்றக் குழந்தைகள் அழும்போது அவள் கை ஓங்குவது கம்மியானது. ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து என் மடியில் விழுவாள். "சத்தம்" என்பாள். "ஆமாம், சத்தம் பயமா இருக்குது" என்பேன்.

ஒரு வருஷம் போனது. அம்மா செத்து மூன்று நாளான ஒரு பெண் குழந்தையை அதன் மாமன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். இரண்டு வயது. அவர் கேட்டைத் தாண்டியதும் அது தரையில் விழுந்து கத்திய கத்தலில் மற்ற பிள்ளைகள் அரண்டுபோய்ச் சுவரோரம் ஒதுங்கின. அஞ்சலை முற்றத்தில் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்தாள். இரண்டு கையும் இறுகிப் பொத்தியிருந்தன. நேராக அந்தக் குழந்தையை நோக்கி நடந்தாள்.

நான் பாய்ந்து எழுந்தேன். மேட்ரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "பொறுங்க."

"அடிச்சிடுவா மேட்ரம்மா."

"பொறுங்கக்கா." அவர் கண் அஞ்சலையின் கைகளை விட்டு விலகவில்லை.

அஞ்சலை குழந்தைக்கு எதிரில் போய் நின்றாள். அவள் தோள் ஏறி இறங்கியது எனக்குத் தெரிந்தது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. பிறகு உட்கார்ந்தாள். ஒட்டி உட்காரவில்லை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்தாள்.

"அழு," என்றாள். "நான் எங்கயும் போகல."

நான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அடுத்தவர் அழுதால் இப்படிச் செய் என்று ஒருநாளும் யாரும் சொன்னதில்லை. அவளுக்கு நடந்தது மட்டும்தான் அவளிடம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குழந்தை தவழ்ந்து வந்து அவள் முட்டியில் தலையை வைத்தது. அஞ்சலை அசையாமல் உட்கார்ந்திருந்தாள், கால் மரத்துப் போகும்வரை.

மேட்ரம்மா என் கையை விட்டார். "நோட்டுல எழுதுங்க" என்றார். குழந்தை அழுதது என்று முதல் பத்தியில் எழுதினேன். யார் போனது என்ற பத்தியில் 'அஞ்சலை' என்று எழுதும்போது எழுத்து கோணல்மாணலாக வந்தது.

இத்தோடு முடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த வருஷமே அஞ்சலையின் அம்மா வந்துவிட்டாள்.

மல்லிகா என்று பெயர். போளூர்ப் பக்கம் ஒரு கிராமம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்கு மேல் இருக்காது. போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாளாம். அரிசி மில்லில் வேலையாம். அஞ்சலைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். எனக்குள்ளே ஒரு குரூரமான சந்தோஷம் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

"நான் குடுக்க மாட்டேன் மேட்ரம்மா. கூட்டத்துல வுட்டுட்டுப் போனவ அவ."

"குடுக்கறதுக்கும் வெச்சிக்கறதுக்கும் அது பொருளா?" என்றார் மேட்ரம்மா. காகிதமெல்லாம் சரிபார்த்தார். மல்லிகா வெள்ளிக்கிழமைதோறும் வர வேண்டும், மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார். வந்தால் யாரோடு உட்காருவது? அஞ்சலையோடும் என்னோடும்.

முதல் மூன்று வெள்ளி நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காவது வாரம் நாங்கள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். அஞ்சலை கொஞ்சம் தள்ளி மற்றப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்குக் காது கொதித்தது. மூச்சை நிதானமாக விட்டேன். பிறகு கேட்டேன்.

"எப்படிம்மா மனசு வந்துச்சு?"

அவள் தலை குனிந்தபடி சொன்னாள். "அந்தாளு குடிச்சிட்டு வந்தா இது அழக் கூடாதுங்க. அழுதா இன்னும் அடிப்பான். நான்தான் வாயப் பொத்துவேன். பொத்திப் பொத்தி இதுக்கு அழறதே மறந்துபோச்சு. ஒருநாளு இது மயங்கிப்போற அளவுக்கு அடிச்சிட்டான். இனிமே வெச்சினு இருந்தா செத்துப்பூடும்னு பட்டுச்சு. தீபத்துக்கு மறுநாளு, போலீஸ்காரரு நிக்கற எடமாப் பாத்து வுட்டேன். எதிர்த்த ஓட்டல் தூணு பின்னாடி நின்னுனு பாத்துனே இருந்தேங்க. அவரு தூக்கினு போன பின்னாடிதான் பஸ் ஏறுனேன். அழுவும்னு நெனச்சேன். அழுதிருந்தா ஓடிப்போயி தூக்கினு வந்திருப்பேன். அது அழவேயில்லீங்க."

சொல்லி முடித்ததும் அவள் உடம்பு குலுங்கத் தொடங்கியது. சத்தம் வரவில்லை. தன் கையாலேயே தன் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஒன்றரை வருஷமாக நான் மனசில் திட்டிக்கொண்டிருந்த பெண் இவள் இல்லை. அப்படி ஒருத்தியே இருக்கவில்லை.

அஞ்சலை விளையாட்டை விட்டுவிட்டு வருவது தெரிந்தது. என் கண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் வருகிறாள் என்று மடியைச் சரி செய்துகொண்டேன். அவள் என்னைக் கடந்து போனாள். மல்லிகாவின் முன்னால் உட்கார்ந்து அவளையே பார்த்தாள். பிறகு எட்டி, அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக வாயிலிருந்து விலக்கினாள்.

"அழலாம்," என்றாள். "இங்க அழலாம்."

மல்லிகா ஓவென்று அழுதாள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைத்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த கணமே அது எங்கே போனதென்று தெரியவில்லை. நாலரை வயசுக் குழந்தைக்கு, இரண்டு பேரில் யாருக்கு அதிகம் வேண்டும் என்று தெரிந்திருந்தது.

ஆவணியில் அஞ்சலை அம்மாவோடு போனாள். பிறகு மல்லிகாவிடமிருந்து யாரோ எழுதிக்கொடுத்த கடிதம் இரண்டு வந்தது. பள்ளிக்கூடம் சேர்த்ததாகவும், மில்லில் கூலி கூடியதாகவும். எண்பதுகளின் கடைசியில் மேட்ரம்மாவும் கல்யாணமான தங்கையோடு வெளியூர் போய்விட்டார். என் கையில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவர் போனபோதும் எனக்கு வலித்தது. மேட்ரம்மா இருந்தவரை ஒவ்வொரு முறையும் மூன்று நாள் எனக்குப் புதுப் பிள்ளை தர மாட்டார். அழுதுவிட்டு வாருங்கள் என்பார்.

அஞ்சலை போன அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போயிருந்தேன். ஜன்னல் ஓரம் அம்மா மடியில் உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: அத்தை உன்கூட வர மாட்டேன், இங்கதான் இருப்பேன், உன்னை நினைச்சுக்குவேன். அவள் என் விரலைப் பிடித்திருந்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அந்தச் சத்தத்தில் பின் சீட்டில் ஒரு கைக்குழந்தை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தது. அஞ்சலை சட்டென்று திரும்பினாள். என் விரலை விட்டுவிட்டு, சீட்டின் மேல் முட்டி போட்டு, பின்னால் எட்டிப் பார்த்து அந்தக் குழந்தையிடம் ஏதோ சொன்னாள். என்னவென்று கேட்கவில்லை. பஸ் நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பஸ் மறையும்வரை அவள் அந்தக் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.